கம்பெனி திவாலானால் நம் காசு என்னாகும்?



2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரு செய்தி மலையேறி வந்தது. அமெரிக்காவின் டப்பர்வேர் கம்பெனி கடன் தாங்காமல் திவால் மனுப் போட்டுவிட்டது என்பதே அச்செய்தி. சீனி விலை ஏறினால் நம் லயங்களில் இரண்டு நாள் பேச்சு இருக்கும். இதற்கு இரண்டு வாரம் பேச்சு இருந்தது. காரணத்தைக் கேமரன் மலையில் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரையில் எந்த வீட்டிலும் மூடி வைக்காத உப்பு ஒரே இரவில் தண்ணீர் விடும். அப்பளம் நமத்துப் போகும். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு மூன்றாம் நாளே வளையும். இந்த ஈரத்துக்குப் பயந்துதான் நம் பெண்கள் ஐந்தும் பத்துமாகச் சேர்த்து அந்த டப்பாக்களை வாங்கி அடுக்கி வைத்திருக்கிறார்கள். கூட்டுச் சீட்டுப் பிடித்து வாங்கியவர்களும் உண்டு.

கிளைக் கூட்டம் முடிந்தபின் நம்மிடம் வந்த கேள்விகள் மூன்று. "இனிமே வாங்கலாமா, கூடாதாண்ணே?" என்றார் ஒருவர். "மூடி வெடிச்சா மாத்திக் குடுப்பாங்களா?" என்றார் இன்னொருவர். மூன்றாவதாகப் பேசிய அக்கா குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: "போன மாசம் அஞ்சு வீட்டுல முன்பணம் வாங்கி ஆர்டர் குடுத்திருக்கேன் தம்பி. சாமான் வராட்டி நான் எங்க போவேன்?"

மூன்றும் ஒரே கேள்வி போலத் தோன்றும். ஆனால் மூன்றுக்கும் பதில் வேறு வேறு. டப்பர்வேர் விவகாரத்தை முதலில் சொல்லிவிட்டு, நாளைக்கு எந்தக் கம்பெனி விழுந்தாலும், அது மெத்தைக் கடையோ நகைக் கடையோ விமானக் கம்பெனியோ, நம் காசு எந்த இடத்தில் நிற்கும் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது.

திவால் என்றதும் நம் பெரியவர்களுக்கு மஞ்சக் கடுதாசிதான் ஞாபகத்துக்கு வரும். "மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்" என்றால் ஆள் முடிந்தான், கடை முடிந்தது, கதவில் பூட்டுத் தொங்கும். இன்றைய கம்பெனிச் சட்டத்தில் அப்படி ஒரே வாசல் இல்லை. வாசல் இரண்டு. ஒன்று, கம்பெனியைக் கலைத்து, உள்ளதை விற்று, கடன்காரர்களுக்குப் பங்கு போடுவது. மற்றொன்று, கடன்காரர்களைக் கொஞ்ச காலத்துக்கு எட்ட நிறுத்திவிட்டு, நீதிமன்றத்தின் பார்வையில் வியாபாரத்தை நடத்திக்கொண்டே கடனைச் சரிக்கட்டப் பார்ப்பது. அமெரிக்கச் சட்டத்தில் முதலாவது 7ஆம் அத்தியாயம், இரண்டாவது 11ஆம் அத்தியாயம். நமது நாட்டில் 2016ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் இரண்டுக்கும் இடம் தருகிறது. நீதிமன்றம் ஒரு நிர்வாகியை நியமித்துக் கம்பெனியை நடத்தச் செய்யும் ஏற்பாடு இங்கே 2018 மார்ச் மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. மலாய்ப் பத்திரிகையில் 'பெங்குலுங்கான்' என்று கண்டால் கலைப்பு. 'பெங்குருசான் கெஹாக்கிமான்' என்று கண்டால் நீதிமன்ற நிர்வாகம். இந்த இரண்டு சொற்களையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தாலும் தகும்.

டப்பர்வேர் போட்டது 11ஆம் அத்தியாய மனு. 1946இல் ஏர்ல் டப்பர் என்ற அமெரிக்கர் ஆரம்பித்த சரக்கு அது. கடையில் வைத்து விற்றபோது ஓடவில்லை. வீட்டில் பத்துப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்து, மூடியைத் திறந்து மூடிக் காட்டி விற்றபோதுதான் ஓடியது. உலகம் முழுதும் பரவியது அந்த வழியில்தான். நம் லயத்து வராந்தாவுக்கு வந்ததும் அதே வழியில்தான். பிறகு என்ன ஆயிற்று? மலிவான டப்பாக்கள் பல நாடுகளிலிருந்து வந்து குவிந்தன. ஜனங்கள் கைத்தொலைபேசியிலேயே சாமான் வாங்கப் பழகிவிட்டார்கள். கடன் ஏறிக்கொண்டே போயிற்று. 2023 ஏப்ரலிலேயே, தொடர்ந்து நடத்த முடியுமா என்பது சந்தேகம் என்று கம்பெனியே அறிவித்தது. 2024 ஜூன் மாதத்தில், தென் கரோலினா மாநிலத்தின் ஹெமிங்வே என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையை மூடப் போவதாகவும், 148 பேருக்கு வேலை போகும் என்றும் செய்தி வந்தது. அமெரிக்காவில் அதற்கு மிஞ்சியிருந்த கடைசித் தொழிற்சாலை அது. அந்த 148 பேரைப் பற்றி நம்மூரில் யாரும் பேசவில்லை. டப்பாவைப் பற்றித்தான் பேசினோம். தொழிற்சங்கத்துக்காரன் என்ற முறையில் இதை ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் மேலே போக மனம் வருகிறது.

செப்டம்பர் 17ஆம் தேதி டெலவேர் மாநிலத்து நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். கடன் 80 கோடி டாலருக்கும் மேல். உலகம் முழுவதும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். சுயமாக விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டுகள் நாலரை லட்சத்துக்கும் மேல். அக்டோபர் கடைசியில் ஒரு முடிவு வந்தது. கடன் கொடுத்திருந்தவர்களே ஒன்று சேர்ந்து 2 கோடியே 35 லட்சம் டாலர் ரொக்கமும், 6 கோடி டாலருக்கு மேல் கடன் தள்ளுபடியும் கொடுத்துக் கம்பெனியின் பெயரையும் முக்கியச் சொத்துகளையும் எடுத்துக்கொள்ள நீதிமன்றம் சம்மதித்தது. புதிய கம்பெனி முதலில் எந்தெந்த நாடுகளில் வியாபாரம் நடத்தும் என்று சொன்ன பட்டியலில் இந்தியாவோடு மலேசியாவும் இருந்தது.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: வாங்கலாம். கையில் இருக்கும் டப்பா திவாலாவதில்லை. காசைக் கொடுத்து, சாமானைத் தொட்டுப் பார்த்து, மூடியை அழுத்திப் பார்த்து, அன்றைக்கே வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டால், அந்தக் கம்பெனி அமெரிக்காவில் என்ன ஆனாலும் உங்கள் பருப்புக்கு ஆபத்தில்லை. பயந்துபோய்ச் சிலர், "இனிமே இது கெடைக்காது" என்று விலை ஏற்றிச் சொன்னவர்களிடம் இரட்டை விலைக்கு வாங்கி அடுக்கியதும் உண்டு. அது அவசியமில்லாத செலவு.

இரண்டாவது கேள்வி மூடியைப் பற்றியது. அங்கேதான் விஷயம் மாறுகிறது. டப்பா சரக்கு; "ஆயுசுக்கும் உத்தரவாதம்" என்பது வாக்கு. சரக்கு நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வாக்கு கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பழைய கம்பெனி கொடுத்த வாக்கைப் புதிய முதலாளி எந்த அளவுக்குத் தலையில் ஏற்றுக்கொள்வார் என்பது அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையையும், அந்தந்த நாட்டுக் கிளையையும் பொறுத்தது. ஏஜெண்டிடம் கேளுங்கள். வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். வாட்சாப்பில் ஒரு வரி எழுதிக் கேட்டாலும் போதும், பதில் அதிலேயே நிற்கும்.

நம் சட்டம் இங்கே கொஞ்சம் கை கொடுக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்ற கடைக்காரரோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. தயாரித்தவர் மீதும் கேட்க உரிமை உண்டு. தயாரித்தவர் வெளிநாட்டில் இருந்து, அவருக்கு இங்கே இடம் இல்லையென்றால், இறக்குமதி செய்தவரையே தயாரித்தவராகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் 'இறக்குமதியாளர்' என்று போட்டிருக்கும் பெயரைக் கிழித்து எறியாதீர்கள். கடை போனாலும் அந்தப் பெயர் இருக்கலாம்.

பழைய உதாரணம் ஒன்று எல்லாருக்கும் புரியும். சிங்கர் தையல் மெஷின் இல்லாத லயத்தை அந்தக் காலத்தில் தேட வேண்டும். அந்த சிங்கர் கம்பெனியே 1999 செப்டம்பரில் அமெரிக்காவில் இதே 11ஆம் அத்தியாயத்தில் போய் நின்றது. 2000ஆம் ஆண்டில் வெளியே வந்தது. அந்த ஒரு வருஷத்தில் நம் அம்மாக்களின் மெஷின் ஒரு நாளாவது நின்றதா? ஊசியும் பாபினும் எந்தக் கடையிலும் கிடைத்தன. சாதாரணப் பாகங்களால் ஓடும் சாமானுக்குக் கம்பெனி விழுந்தாலும் பெரிய பாதகமில்லை. அந்தக் கம்பெனியின் பாகம் இல்லாமல் ஓடவே ஓடாத சாமான்கள் இருக்கின்றன. மாதாமாதம் வடிகட்டி மாற்ற வேண்டிய தண்ணீர் மெஷின், கம்பெனியின் கணினியோடு பேசினால்தான் வேலை செய்யும் சில மின்சாரப் பெட்டிகள் முதலியவை. இவற்றைத் திவாலாகும் கம்பெனியிடம் பாதி விலைக்கு வாங்கினாலும் அது பாதி விலை அல்ல.

இனி மூன்றாவது கேள்வி. அந்த அக்காவின் கேள்வி. காசு கட்டியாயிற்று, சாமான் வரவில்லை.

சம்பள நாளில் ஆபீஸ் முன்னால் வரிசை நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கலைக்கப்படும்போதும் ஒரு வரிசை உண்டு. ஈடு வாங்கிக்கொண்டு கடன் கொடுத்த வங்கி வரிசையிலேயே நிற்பதில்லை. அது தன் ஈட்டை விற்றுத் தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடும். மீதமிருப்பதில் கலைப்பு அதிகாரியின் செலவும் கூலியும் முதலில். அடுத்து அந்தக் கம்பெனித் தொழிலாளர்களின் சம்பள பாக்கி. ஆளுக்கு 15,000 வெள்ளி வரையில் அவர்களுக்கு முன்னுரிமை உண்டு. அதன் பிறகு விபத்து நட்டஈடு, விடுமுறைச் சம்பளம், சேமநிதிப் பாக்கி, வரி. இவை எல்லாம் தீர்ந்த பிறகு மிச்சம் ஏதாவது இருந்தால், ஈடில்லாத கடன்காரர்கள் என்ற பெருங்கூட்டத்துக்குப் பங்கு. முன்பணம் கட்டிய அக்கா நிற்பது அங்கேதான். சரக்குக் கொடுத்துவிட்டுக் காசு வராத வியாபாரிகள், வாடகை வராத கட்டடக்காரர் எல்லாரும் அதே கூட்டத்தில். நூறு வெள்ளி கட்டியவருக்கு மூன்று வெள்ளி கிடைக்கலாம். ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம்.

தொழிலாளிக்குச் சம்பளம் முன்னால் வருவது நியாயம். அதை மாற்றும்படி நாம் ஒருபோதும் கேட்க மாட்டோம். ஆனால் அதே தொழிலாளி, சாமான் வாங்கப் போகும் இடத்தில் மட்டும் வாலில் நிற்கிறான் என்பதை அவன் தெரிந்துகொள்ள வேண்டாமா?

"முதலாளி இன்னும் காரு ஓட்டிக்கிட்டுத்தான் போறாரு, எங்க காசு மட்டும் எப்படிப் போகும்?" என்று கோபமாகக் கேட்பவர்கள் உண்டு. 'செண்டிரியான் பெர்ஹாட்' என்று பெயருக்குப் பின்னால் போட்டிருப்பதன் பொருளே அதுதான். கம்பெனி வேறு, முதலாளி வேறு. கம்பெனியின் கடனுக்கு முதலாளியின் வீட்டைத் தொட முடியாது. மோசடி செய்தார் என்று நிரூபித்தாலோ, அவரே தனிப்பட்ட முறையில் ஜாமீன் போட்டிருந்தாலோதான் வேறு கதை.

கோலாலம்பூர்ப் பக்கம் பிள்ளைகள் வேலை செய்பவர்களுக்கு ராபின்சன்ஸ் கடை தெரிந்திருக்கும். 1858இல் சிங்கப்பூரில் தொடங்கிய பெரிய வீட்டுக் கடை. 2020 அக்டோபர் 30ஆம் தேதி, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் மிச்சமிருந்த கடைகளை மூடப் போவதாக அறிவித்தார்கள். கலைப்பு அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். உடனே கூட்டம் அலைமோதியது, மலிவு விற்பனைக்கு. அதே நேரத்தில் வேறொரு கூட்டம் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. முழுப் பணமும் கட்டி மெத்தைக்குக் காத்திருந்தவர்கள் அவர்கள். ஒரே கடை, ஒரே நாள். உள்ளே போய்ப் போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்தவருக்கு லாபம். ஒரு மாதம் முன்னாலேயே நல்ல பிள்ளையாகக் காசு கட்டியவருக்கு அவஸ்தை. மெத்தை தயாரித்த சில கம்பெனிகள் பெயருக்குப் பயந்தோ, பெருந்தன்மையாலோ, தாங்களே முன்வந்து உதவின. அது அவர்கள் விருப்பம், சட்டம் அல்ல. பரிசுக் கூப்பன் வைத்திருந்தவர்களிடம் சிங்கப்பூரில், கூப்பன் மதிப்பைப் போல இரண்டு மடங்குக்குச் சாமான் வாங்கினால்தான் அதை ஏற்போம் என்றார்கள். ஐம்பது வெள்ளிக் கூப்பன் செலவாக வேண்டுமானால் நூறு வெள்ளிக்கு வாங்க வேண்டும். மேற்கொண்டு ஐம்பது கையிலிருந்து.

மெத்தை விஷயத்தில் சட்டத்தின் ஒரு நுணுக்கம் உண்டு. 1957ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, எந்தச் சாமான் உங்களுடையது என்று குறித்துக் காட்ட முடியாத வரை அதன் சொந்தம் உங்களுக்கு மாறுவதில்லை. கிடங்கில் ஒரே மாதிரி நூறு மெத்தை கிடக்கிறது, உங்கள் ரசீதில் 'மெத்தை ஒன்று' என்று மட்டும் இருக்கிறது என்றால், நூறில் ஒன்றும் உங்களுடையது அல்ல, கம்பெனியுடையது. உங்கள் பெயர் எழுதிய சீட்டை ஒரு மெத்தையில் கட்டி, "இது உங்களுக்கு" என்று தனியே எடுத்து வைத்திருந்தார்கள் என்றால், அது என் சொத்து என்று வழக்காட இடம் உண்டு. ஆகவே உடனே எடுத்துப் போக முடியாத பெரிய சாமானுக்கு முன்பணம் கட்டித்தான் ஆக வேண்டுமானால், சாமானின் வரிசை எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். பெயர்ச் சீட்டை ஒட்டச் சொல்லிப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

தமிழ்நாட்டில் நடந்த ஒன்று நம் குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கம். சென்னையில் நாதெள்ளா சம்பத் நகைக்கடை பெயர் பெற்ற பழைய கடை. மாதாமாதம் ஒரு தொகை கட்டி, முடிவில் நகையாக எடுத்துக்கொள்ளும் திட்டத்தில் ஏராளமான குடும்பங்கள் சேர்ந்திருந்தன. 2017 அக்டோபரில் கடைகள் மூடப்பட்டன. கட்டியவர்கள் போலீஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். 2018இல் விவகாரம் திவால் நீதிமன்றம் போயிற்று. மகளுக்குத் தாலிக்கொடி என்று நினைத்து மாதாமாதம் கட்டிய தாய், தான் ஒரு கம்பெனிக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு நாளும் நினைத்திருக்க மாட்டாள். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவள் கடன்காரிதான். அதுவும் வட்டியில்லாமல், ஈடில்லாமல் கொடுத்தவள். நம் நாட்டிலும் நகைச் சீட்டு உண்டு. மலையிலிருந்து தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் இறங்கிப் போய்க் கட்டுகிறவர்கள் உண்டு. எல்லாக் கடையும் விழும் என்று சொல்ல வரவில்லை. பத்து மாதம் கட்டிக் கடைசியில் எடுப்பதைவிட, கையில் சேர்ந்த காசுக்கு அரைக் கிராமோ ஒரு கிராமோ அப்போதைக்கப்போது வாங்கி வீட்டில் வைப்பது எவ்வளவோ தேவலை. செய்கூலி கொஞ்சம் கூடும். தூக்கம் வரும்.

வயதானவர்கள் 1986ஐ மறந்திருக்க மாட்டார்கள். வைப்புப் பணம் வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கை பேங்க் நெகாரா முடக்கியது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஏறத்தாழ 150 கோடி வெள்ளி அதில் மாட்டிக்கொண்டது. அது வைப்புப் பணம், இது சாமான் பணம். வரிசையில் நிற்கும் வலி ஒன்றுதான்.

2023 அக்டோபர் 12ஆம் தேதி மைஏர்லைன் விமானங்கள் திடீரென நின்றன. டிக்கெட் வாங்கியவர்கள் விமான நிலையத்தில் பெட்டியோடு நின்றார்கள். அப்போது ஒரு வித்தியாசம் தெரிந்தது. கடன் அட்டையில் கட்டியவர்கள் தங்கள் வங்கியிடம் போய், "சேவை கிடைக்கவில்லை, பணத்தைத் திருப்பு" என்று கேட்க வழி இருந்தது. வங்கிக் கணக்கிலிருந்து நேரே அனுப்பியவர்களுக்கு அந்த வாசல் இல்லை. கடன் அட்டையைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வது நமக்குப் பழக்கமில்லை. எத்தனையோ குடும்பத்தை அது முழுங்கியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதற்கு ஒரு பயன் உண்டு. பிள்ளைகள் யாரிடமாவது அட்டை இருந்தால், முன்பணம் கட்டும் சாமானை அதில் கட்டச் சொல்லி, கையோடு ரொக்கத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

சம்பள வாரத்தில் லாரியில் வந்து, "கம்பெனி திவால், கிடங்கு காலி, கடைசி நாள்" என்று ஒலிபெருக்கி வைத்து விற்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உண்மையிலேயே திவாலான கம்பெனியின் சரக்கைக் கலைப்பு அதிகாரி மொத்தமாக விற்பார். மொத்தமாக வாங்கியவர் அதைச் சில்லறையாக விற்கலாம். அதில் தப்பில்லை. ஆனால் அந்த லாரிக்காரர் கம்பெனி அல்ல. கம்பெனி கொடுத்த உத்தரவாதம் அவரிடம் இல்லை. கலைப்பு விற்பனையில் 'பார்த்தபடி, இருந்தபடி' என்றுதான் கொடுப்பார்கள். அவர் ரசீது கொடுக்கிறாரா, ரசீதில் விலாசம் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரச் சாமான் என்றால் அங்கேயே ஒயர் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். "திவால்" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் மலிவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே சாமான் பிரிஞ்சாங்கில் என்ன விலை என்று ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில்தான் 1,700 வெள்ளி ஆயிற்று. அதில் 600 வெள்ளி டிவிக்குப் போனால் எத்தனை நாள் கொழுந்து அது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு தப்பான எண்ணமும் நம்மிடையே உண்டு. "கட கம்பெனியே போச்சு, பாக்கித் தவண எதுக்குக் கட்டணும்?" தவணையில் கட்டில் வாங்கியவர் இப்படி நினைத்துச் சும்மா இருந்துவிடுவார். நீங்கள் கம்பெனிக்குத் தர வேண்டிய பணம், கம்பெனியின் சொத்து. கலைப்பு அதிகாரி அதைத் தேடிப் பிடித்து வசூலிப்பார். வசூலிக்க வேண்டியது அவர் கடமை. ஆனால் யாரிடம் கட்டுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். பழைய வசூல்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றால், கலைப்பு அதிகாரி கொடுத்த அதிகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அது இல்லாமல் கொடுத்த காசு இரண்டாந்தரம் கேட்கப்படலாம்.

இனி, காசு மாட்டிக்கொண்டவர் என்ன செய்வது? கம்பெனி தள்ளாடுகிறது, இன்னும் கலைப்பு உத்தரவு வரவில்லை என்றால், நேரத்தைக் கடத்தாதீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையில் கேட்கலாம். போராங் 1 என்ற மனு. கட்டணம் ஐந்து வெள்ளி. வக்கீல் தேவையில்லை, சொல்லப்போனால் வக்கீலை உள்ளே விடவே மாட்டார்கள். குவாந்தானுக்கு அலைய வேண்டியதில்லை, கணினி வழியே அனுப்பலாம். படித்த பிள்ளைகள் செய்துவிடும். ஆனால் உயர்நீதிமன்றம் கலைப்பு உத்தரவு போட்டுவிட்டால் அந்தக் கம்பெனி மேல் தனித்தனியே வழக்கு நடத்த நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அப்போது செய்யக்கூடியது, கடன் சாட்சிப் பத்திரம் கொடுப்பது. மலாயில் 'புக்தி ஹுத்தாங்'. கலைப்பு அதிகாரியிடமோ, அவர் தனியார் ஆளாக இல்லாவிட்டால் ஜபாத்தான் இன்சோல்வென்சியிடமோ கொடுக்க வேண்டும். எவ்வளவு கட்டினோம், எப்போது, எதற்கு என்று எழுதி, ரசீதின் நகலை இணைக்க வேண்டும். கொடுக்காதவர் பெயர் வரிசையிலேயே இருக்காது. "எப்படியும் கெடைக்கப் போறதில்ல" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். சில வருஷம் கழித்துக் கொஞ்சமாவது பங்கு போடப்பட்டால் அப்போது வயிறு எரியும்.

ரசீது என்றேன். இப்போதைய கடை ரசீது சூட்டில் அச்சாகும் வழவழப்புத் தாள். நம் மலை ஈரத்தில் பத்து மாதத்தில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். பெரிய தொகை என்றால் ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ நகல் எடுத்துப் பிறப்புப் பத்திரத்தோடு வையுங்கள்.

அந்த அக்காவுக்குத்தான் கடைசியாகப் பதில் சொல்ல வேண்டும். அவர் நிலைமை மற்றவர்களைவிடச் சங்கடமானது. ஏஜெண்டு கம்பெனியின் சம்பளக்காரி அல்ல; ஆகவே தொழிலாளிக்குள்ள முன்னுரிமை அவருக்கு இல்லை. அதேசமயம் லயத்து ஜனங்கள் காசு கொடுத்தது அமெரிக்கக் கம்பெனியை நம்பி அல்ல, அவரை நம்பி. அமெரிக்க நீதிபதியிடம் போய் யாரும் கேட்க மாட்டார்கள். "என் அம்பது வெள்ளி என்னாச்சுக்கா?" என்று குழாயடியில் கேட்பார்கள். இரண்டு வீடு பேச்சை நிறுத்தும். கல்யாணத்துக்குச் சொல்லாமல் விடும். எங்கோ ஒரு நகரத்தில் பதிவான திவால், நம் வாசலில் உறவைக் கெடுக்கும்.

நல்ல வேளையாக, அவர் ஆர்டர் கொடுத்த சரக்கு இரண்டு மாதம் தாமதித்து வந்து சேர்ந்தது. ஒரே ஒரு டப்பா நிறம் மாறி வந்தது. அதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. இப்போது அவர் முறையை மாற்றிக்கொண்டிருக்கிறார். யாரிடமும் முன்பணம் வாங்குவதில்லை. யாருக்கு என்ன வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டு, தன் கைக்காசுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு மட்டும் எடுத்து வருகிறார். சாமானைக் கொடுத்துக் காசு வாங்குகிறார். வியாபாரம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார். வேறு தோட்டங்களில் இதே வியாபாரம் செய்யும் சகோதரிகள், கட்டிய பணத்துக்குச் சரக்கு வராமல் இன்னும் காத்திருந்தால், ரசீதையும் ஆர்டர் நோட்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள். மனு எழுதத் தெரிந்த இரண்டு இளைஞர்களை உட்கார வைக்கிறோம். ஐந்து வெள்ளியை மட்டும் நீங்கள் கொண்டு வந்தால் போதும்.